கப்பின் உள்பக்கம்

ஓசூர் பேருந்து நிலையத்தை ஒட்டிய ஒரு கடையில் டீ குடித்துவிட்டு, காலியான பேப்பர் கப்பை வீட்டுக்கு எடுத்து வந்தேன். இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டேன். காலையில் நகத்தால் சுரண்டியதும் காகிதம் கூழாகி வழன்று வந்தது. கூழெல்லாம் போன பிறகு ஒரு தோல் மட்டும் கிழியாமல் மிஞ்சியது. பால் ஏட்டைவிட மெல்லியது. வெளிச்சத்தில் பிடித்தால் விரல் தெரிந்தது, இழுத்தால் நீண்டது. பாலிஎத்திலின். மளிகைக் கடை கவருக்கும் இதற்கும் இனம் ஒன்றுதான். 'பேப்பர் கப்' என்று நாம் வாய் நிறையச் சொல்வதில் டீ தொடுவது பேப்பரை அல்ல, இந்தத் தோலை.

இது இல்லாமல் கப்பே நிற்காது. காகிதம் நனைந்து தொய்யாமல் காப்பது இதன் ஒரு வேலை. பக்கவாட்டு மடிப்பையும் அடித்தட்டையும் ஒட்டுவதும் இதுவேதான். சூடு காட்டி அழுத்தினால் பூச்சு இளகி ஒட்டிக்கொள்ளும், தனியாகப் பசை வேண்டாம். சூட்டுக்கு இளகுகிற குணம் இருப்பதால்தான் கப் உருவாகிறது. அதே கப்பில்தான் நாம் சூடாக ஊற்றிக் குடிக்கிறோம்.

காரக்பூர் ஐஐடி ஆய்வாளர்கள் இதை அளந்து பார்த்தார்கள். பேப்பர் கப்பில் 85 முதல் 90 டிகிரி சூட்டில் 100 மில்லி தண்ணீர் ஊற்றி 15 நிமிடம் வைத்தார்கள். தண்ணீரில் கலந்த மைக்ரான் அளவுப் பிளாஸ்டிக் துகள்கள் சுமார் 25,000. ஒரு நாளைக்கு 3 கப் குடிப்பவர் உடம்புக்குள் 75,000 போகும் என்று கணக்குச் சொன்னார்கள். ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையின் இரவு ஷிப்டில் 3 கப்போடு நிறுத்துகிறவர் எத்தனை பேர்? இந்தத் துகள்கள் உடம்பில் என்ன செய்கின்றன என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்குச் சான்று போதவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2022-ல் சொன்னது. ஆகவே 'பேப்பர் கப்பால் இந்த நோய் வரும்' என்று யாராவது வாட்ஸாப்பில் அனுப்பினால் நம்பிப் பதற வேண்டாம். ஆனால் பிளாஸ்டிக் உள்ளே போகிறது என்பது வதந்தியில்லை, சோதனைக்கூடத்தில் எண்ணிப் பார்த்தது.

இப்போது வேறொரு கப்பும் வந்திருக்கிறது. பார்க்கச் சாதாரண பேப்பர் கப்தான். அடியில் தேயிலையோ இஞ்சி, துளசி கலந்த தூளோ போட்டு, மேலே வடிதாள் ஒட்டியிருப்பார்கள். கொதிநீர் ஊற்றினால் சாறு இறங்கும், குடித்துவிட்டு எறிந்துவிடலாம். சீனாவில் பல வருஷமாக விற்கும் இந்த வடிவம் இங்கேயும் இணையக் கடைகளில் கிடைக்கிறது. கழுவ வேண்டாம், வடிகட்டி வேண்டாம், டீ மாஸ்டரும் வேண்டாம். ஆபீசுக்கும் ரயில் பயணத்துக்கும் தோதான யோசனைதான், மறுக்கவில்லை.

சிக்கல் அது வேலை செய்யும் முறையில் இருக்கிறது. டீக்கடையில் கொதி வாங்குவது பாய்லரும் பாத்திரமும். பால் கலந்து, ஒரு ஆற்று ஆற்றி, சூடு கொஞ்சம் தணிந்த பிறகுதான் கப்புக்கு வருகிறது. இந்தப் புதுக் கப்பிலோ கொதிநீர் நேராகக் கப்பிலேயே விழ வேண்டும். சாறு இறங்க 3, 4 நிமிடமாவது ஊற வேண்டும். பூச்சின் மேல் தணியாத கொதிநீரின் சூடு, அதுவும் கூடுதல் நேரம். போதாததற்கு வடிதாளும் சூட்டில் ஒட்டப்பட்டது. பையில் ஊறவைக்கும் டீயில் என்ன நடக்கிறது என்று கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகம் 2019-ல் பார்த்தது. பிளாஸ்டிக் வலையால் ஆன ஒரே ஒரு பையை 95 டிகிரித் தண்ணீரில் போட்டார்கள். வெளியே வந்தவை சுமார் 1,160 கோடி நுண்துகள்கள், அவற்றினும் சிறிய 310 கோடி நானோ துகள்கள். காகிதப் பைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. எனவே வாங்கும்போது முதல் கேள்வி, வடிதாள் எதனால் ஆனது என்பது. பட்டுத்துணிபோலப் பளபளத்து ஊடுருவித் தெரிந்தால் அது பெரும்பாலும் நைலான், பாலியெஸ்டர் வகை.

தேயிலை தாளுக்கு அடியில் மறைந்திருப்பது இன்னொரு சங்கடம். தூளாக வாங்கினால் ஈர வடிதாளில் ஒரு சிட்டிகை தூவிப் பார்க்கலாம். சாயம் ஏற்றிய தூள் என்றால் உடனே நிறம் கசியும். இரும்புத் தூள் கலந்திருந்தால் காந்தத்தில் ஒட்டும். ஒட்டி மூடிய கப்பில் இந்தச் சோதனைகளுக்கு வழியில்லை, பிய்த்துத்தான் பார்க்க வேண்டும். 10 கிராமுக்கு உட்பட்ட பொட்டலத்துக்கு எடையளவுச் சட்ட விதிகளில் விலக்கும் உண்டு. கப்பில் இருப்பதோ 2, 3 கிராம். ஆகவே ஒற்றைக் கப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துப் பயனில்லை. வெளி அட்டையைப் பாருங்கள். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண், தயாரித்தவர் முகவரி, விலை, தேதி எல்லாம் அதில் இருந்தாக வேண்டும். இணையத்தில் விற்பவர் எந்த நாட்டுச் சரக்கு என்பதையும் காட்ட வேண்டும். அவர்களுடைய குறைதீர் அதிகாரி உங்கள் புகாரைப் பெற்றதாக 48 மணி நேரத்துக்குள் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது 2020-ன் மின்வணிக விதி.

இன்னொன்று, சூடு. மெல்லிய கப்பில் கொதிநீரைப் பிடித்தபடி 4 நிமிடம் காத்திருக்கும்போது குழந்தை தட்டிவிட்டால் தொடை வெந்துவிடும். அப்படி நடந்தால் பற்பசை, மை, வெண்ணெய் எதையும் பூசாதீர்கள். 20 நிமிடம் குழாய்த் தண்ணீரைக் காட்டிவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

சரி, சட்டத்துக்கு வருவோம். நான் உரித்தெடுத்த தோலுக்குத் தமிழ்நாட்டில் இடமே கிடையாது. 2018 ஜூன் 25-ல் வந்த அரசாணை எண் 84, 2019 ஜனவரி 1 முதல் 14 பொருள்களைத் தடை செய்தது. பிளாஸ்டிக் கப், தெர்மாகோல் கப்போடு பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பும் அதில் பெயர் சொல்லியே இருக்கிறது. தயாரிப்பாளர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். கப் மீதான தடை செல்லும் என்று 2023 அக்டோபரில் தீர்ப்பு வந்தது. எனவே அடியில் தேயிலை ஒட்டியிருந்தாலும், பக்கத்தில் பச்சை இலை அச்சடித்திருந்தாலும், உள்ளே பிளாஸ்டிக் பூச்சு இருந்தால் அது இங்கே தடைப் பொருள்தான்.

ஆனால் ஓசூரில் நாம் இருப்பது கர்நாடக எல்லையில். ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி. ஒன்றிய அரசு 2022 ஜூலை 1 முதல் தடுத்த ஒருமுறைப் பொருள்களில் பிளாஸ்டிக் கப் உண்டு, பூச்சுப் பூசிய காகிதக் கப் இல்லை. அந்தப் பட்டியலை வைத்துப் பார்த்தால் நல்ல சரக்காக லாரியில் ஏறும் கப், ஜூஜூவாடிக்கு இந்தப் பக்கம் வந்ததும் குற்றச் சரக்காகிவிடுகிறது. நாளெல்லாம் வண்டி ஓடும் சாலையில் இந்த எல்லைக்கோட்டை எந்த சோதனைச் சாவடி காக்கும்? 2019 ஜூனில் வந்த அபராத அட்டவணைப்படி பதுக்குபவர், ஏற்றிவருபவர், விநியோகிப்பவர் முதல் முறை 25,000 ரூபாய், இரண்டாம் முறை 50,000, மூன்றாம் முறை 1 லட்சம் கட்ட வேண்டும். சிறு கடைக்காரருக்கு 100, 200, 500. என் கண்ணில் படுவதெல்லாம் அந்தச் சிறு கடைகளில் நடக்கும் பறிமுதல்தான். 50 கப் அடுக்கைத் தூக்கிப்போவது சுலபம், குடோனைத் தேடிப்போவது சிரமம். கடைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: அபராதம் கட்டினால் ரசீது வாங்காமல் விடாதீர்கள். 'இது மக்கும் கப், தடையில்லை' என்று சொல்லி விற்பவரிடம் பில்லும், மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றிதழ் நகலும் கேளுங்கள். மக்கும் பிளாஸ்டிக் தயாரிக்க அந்தச் சான்று கட்டாயம். தராமல் மழுப்பினால் புரிந்துகொள்ளலாம். சான்று இருந்தாலும் ஒன்றை மறக்க வேண்டாம். சோளத்திலிருந்து எடுக்கும் பிஎல்ஏ பூச்சு மக்க 58 டிகிரி அளவுக்குச் சூடு நிற்கும் உரக்கூடம் வேண்டும். ராமநாயக்கன் ஏரிக்கரையில் வீசினால் அதுவும் குப்பையாகவே கிடக்கும்.

குடிப்பவருக்கு என்ன வழி? வாங்கும் உணவைச் சோதனைக்கு அனுப்பும் உரிமை அதிகாரிக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். 2006-ன் உணவுப் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 40, அதை வாங்குபவருக்கும் தருகிறது. சோதிக்கப் போகிறேன் என்று வாங்கும்போதே விற்பவரிடம் சொல்ல வேண்டும், கட்டணம் கட்ட வேண்டும். முடிவு சட்டத்துக்குப் புறம்பாக இருந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். அவ்வளவு தூரம் போக நேரமில்லாதவர்கள் கப்பையும் கடையையும் படமெடுத்து, மாநில உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 வாட்ஸாப் எண்ணுக்கு அனுப்பலாம். தடைசெய்த கப் என்றால் மாநகராட்சிக்கோ, ஓசூரில் இருக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்துக்கோ எழுதலாம். காசு நஷ்டமோ உடம்புக்குக் கேடோ ஆனால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் முதல் படி. தீரவில்லை என்றால் கிருஷ்ணகிரி மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2 வருஷத்துக்குள் மனுச் செய்ய வேண்டும். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் இல்லை, வக்கீல் வைத்தே தீர வேண்டும் என்பதும் இல்லை. 200 ரூபாய்க் கப் பெட்டிக்கு வழக்கா என்று சிரிக்காதீர்கள். பில்லை எறியாமல் வைத்திருந்தாலே பாதி வேலை முடிந்தது.

ஆலைத் தொழிலாளர்களுக்குப் பேரம் பேச இன்னும் பலமான இடம் கேன்டீன். 250 பேருக்கு மேல் வேலை செய்தால் கேன்டீன் வேண்டும் என்றது 1948-ன் தொழிற்சாலைகள் சட்டம். அதன் இடத்துக்கு வந்திருக்கும் புதிய சட்டத் தொகுப்பு ஒப்பந்தத் தொழிலாளரையும் சேர்த்து 100 பேர் என்கிறது. கேன்டீன் நடத்துவதில் தொழிலாளர் பிரதிநிதிகளுக்கும் குரல் உண்டு என்பதே பழைய சட்டத்தின் ஏற்பாடு. அங்கே கேட்க வேண்டியது ஒன்றுதான்: எவர்சில்வர் டம்ளரும், அதைக் கொதிநீரில் அலசியெடுக்க ஆளும். தூக்கியெறியும் கப் வேண்டும் என்று நாம் கேட்பதே, டம்ளரைச் சரியாகக் கழுவமாட்டார்கள் என்ற பயத்தால். பயம் நியாயமானது. அமெரிக்காவில் 1900-களில் பேப்பர் கப் பிறந்ததும் அதே பயத்தில்தான், பொதுக் குழாயில் எல்லோரும் ஒரே குவளையில் வாய் வைத்துக் குடித்துக்கொண்டிருந்த காலம் அது. ஆனால் அழுக்கு டம்ளருக்கு மருந்து பிளாஸ்டிக் தோல் இல்லை, கழுவுவதுதான். ஒரே வாளித் தண்ணீரில் 50 கிளாஸை முக்கியெடுக்கும் கடை மீதும் உணவுப் பாதுகாப்புத் துறைக்குப் புகார் செய்யலாம். சுகாதாரக் கேடான முறையில் உணவு தயாரிப்பதற்கு 1 லட்சம் வரை அபராதம் போட அந்தச் சட்டத்திலேயே இடமிருக்கிறது.

தூக்கியெறியும் கப்புக்கு இந்த மண்ணில் இன்னொரு முகமும் உண்டு, அதைச் சொல்லாமல் கப்பைப் பற்றி எழுதுவது பாதி எழுதுவதுதான். சாதி பார்த்துத் தனிக் குவளை வைக்கும் இரட்டைக் குவளை முறை ஒழிந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளும் ஊர்களில், சிலருக்கு கிளாஸ், சிலருக்கு மட்டும் யூஸ் அண்ட் த்ரோ கப் என்று அது வேஷம் மாறி வந்த கதை தமிழ்நாட்டில் உண்டு. கிருஷ்ணகிரி 2004 வரை சேர்ந்திருந்த தர்மபுரி மாவட்டத்தில், 2024 பிப்ரவரியில், வயலில் வேலை செய்த பட்டியல் சாதிப் பெண்களுக்குக் கொட்டாங்குச்சியில் டீ ஊற்றியதற்காக இரண்டு பெண்கள் கைதானார்கள். காகிதக் கப் கொட்டாங்குச்சியைவிடப் பார்க்க நாகரிகமாக இருப்பதால் புகார் வருவதில்லை. ஒரே கடை, ஒரே நேரம், ஆளின் சாதிக்குத் தகுந்த பாத்திரம் என்றால் அது தீண்டாமை. அரசமைப்புச் சட்டப் பிரிவு 17 ஒழித்ததும், 1989-ன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் தண்டிப்பதும் அதைத்தான். காவல் நிலையத்தில் புகாரை வாங்க மறுத்தால் மாவட்ட எஸ்பிக்கும் கலெக்டருக்கும் எழுதலாம். 14566 என்ற தேசிய உதவி எண் இதற்கென்றே இருக்கிறது. எல்லோருக்கும் ஒரே கப் கொடுக்கும் கடையில் இந்தக் கேள்வி எழாது, வேறுபடுத்தும்போதுதான் எழும். படம் எடுக்கும்போது உங்கள் கையிலிருக்கும் கப்பை மட்டும் எடுக்காமல், பக்கத்தில் நிற்பவருக்குக் கொடுத்த கிளாஸும் தெரிகிற மாதிரி எடுங்கள். சாட்சியே அதுதான்.

கப்பை உரித்துப் பார்த்த மறுநாள் ஒரு எவர்சில்வர் டம்ளரோடு அதே கடைக்குப் போனேன். "கிளாஸ் கழுவ ஆள் நிக்க மாட்டேங்குது சார், அதான் கப்பு" என்றார் மாஸ்டர். என் டம்ளரை வாங்கி, பாய்லர் குழாயைத் திறந்து ஒரு சுழற்றுச் சுழற்றி ஊற்றிவிட்டு, டீயை ஆற்றி ஊற்றினார். டம்ளர் நிறையவில்லை. டம்ளரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "உங்க டம்ளருக்கு ஒண்ணரை டீ ஆவும் சார். அரை டீக்கு சேத்து காசு குடுக்கறீங்களா, இல்ல இப்படியே குடிக்கறீங்களா?"

கொடுத்தேன்.