பறிபோன பதக்கத்துக்குப் பிறகு

விளையாட்டு வீரர்களின் உளநலம் என்றதும் என் நினைவுக்கு வருபவர் தமிழ்நாட்டின் சாந்தி சௌந்தரராஜன். புதுக்கோட்டை மாவட்டத்தில், செங்கற்சூளையில் வேலை செய்த பெற்றோரின் மகள். 2006 டிசம்பரில் டோஹாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீற்றர் ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் வென்றார். அடுத்து அவருக்குப் பாலினப் பரிசோதனை செய்யப்பட்டது, பதக்கம் பறிபோனது. ஒரு பெண்ணுக்கும் வைத்தியருக்கும் இடையில் மட்டுமே இருக்கவேண்டிய விடயம் தொலைக்காட்சிச் செய்தியாகியது.

அவர் ஊக்கமருந்து எடுத்தவரல்லர். பெண்ணாகவே பிறந்து வளர்ந்தவர். சிலருடைய உடலில் ஹோர்மோன்களும் நிறமூர்த்தங்களும் வழமைக்கு மாறாக அமைவதுண்டு. பலருக்கு அது தெரியவருவதேயில்லை.

2007இல் சாந்தி தன் உயிரை மாய்க்க முயன்றார். நல்லவேளை, காப்பாற்றப்பட்டார்.

ஒரு பதக்கத்துக்காகவா என்று கேட்கலாம். சிறுவயது முதல் ஓட்டத்தையே வாழ்க்கையாக்கிக்கொண்டவருக்கு ஓட்டம்தான் பெயர், தொழில், நண்பர் கூட்டம், காலையில் எழும்புவதற்கான காரணம். அது நின்றால் எல்லாமே ஒன்றாக நிற்கின்றன. வென்றவர்களும் இதற்குத் தப்புவதில்லை. 2008இல் பீஜிங்கில் ஒலிம்பிக் தங்கம் வென்ற துப்பாக்கிசுடும் வீரர் அபினவ் பிந்த்ரா, வெற்றிக்குப் பின் தன்னைப் பிடித்த வெறுமையைப் பற்றி வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். சாந்திக்கு அந்த வெறுமையோடு ஊராரின் பார்வையும் சேர்ந்துகொண்டது.

கல்குடாப் பக்கம் இப்படி யாராவது உடைந்துபோனால், "நடந்தது நடந்து போச்சு, மறந்திடு புள்ள" என்போம். அன்பாகத்தான் சொல்கிறோம். ஆனாலும் வலயமட்டப் போட்டியில் தோற்றுவிட்டு இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்த என் தோழிக்கு அந்த வார்த்தை உதவவில்லை. கடந்ததை ஏற்பது என்றால் மறப்பது என்றோ, நடந்தது நியாயம் என்று ஒப்புக்கொள்வது என்றோ கருத்தில்லை. 'இது எனக்கு நடந்தது, ஆனால் நான் இது மட்டுமல்ல' என்று சொல்லக்கூடிய நிலைதான் அது. அந்த நிலைக்கு வர வருடங்கள் எடுக்கலாம்.

சாந்திக்கும் எடுத்தது. இடையில் செங்கற்சூளைக்கே கூலி வேலைக்குப் போனார். பிறகு பயிற்றுநருக்கான படிப்பை முடித்து, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் பயிற்றுநரானார். வறிய பிள்ளைகளை ஓடப் பழக்கினார். பதக்கத்தைத் திருப்பித் தரும்படி கேட்பதையும் அவர் விடவில்லை. இரண்டும் ஒரே மனதில் இருக்க முடியும் என்பதுதான் எனக்குப் பெரிய விடயமாகப் படுகிறது.

2014இல் ஒடிசாவின் தூத்தி சந்த் இதே காரணத்துக்காக நிறுத்தப்பட்டபோது வழக்காடினார். விளையாட்டுக்கான சர்வதேச நடுவர் மன்றம் 2015இல் அந்த விதியை இடைநிறுத்தியது. தூத்தி மீண்டும் ஓடினார். அவரோடு துணை நின்றவர்கள் இருந்தார்கள். 2006இல் சாந்தி தனித்து நின்றார்.

உளநல வைத்தியரிடம் போவதென்றால் நம் வீடுகளில் இன்னும் குரலைத் தாழ்த்தித்தான் பேசுகிறார்கள். இலங்கையில் 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் தேசிய உளநல உதவிச் சேவையோடு பேசலாம். தமிழிலும் பேசலாம்.