செத்த பூஞ்சையும் தும்ம வைக்கும்

ஆவணக் காப்பகத்தில் பழைய நிலவரிப் பதிவேடு ஒன்றைக் கேட்டாராம் ஒரு வாசகர். பூஞ்சை பிடித்திருக்கிறது, தர முடியாது என்று அனுப்பிவிட்டார்கள். காய்ந்துபோன பூஞ்சை என்ன செய்துவிடும், இது சாக்குத்தானே என்கிறார்.

பாதி சாக்கு. மீதிப் பாதி சுவாரஸ்யமானது.

ஆஸ்பர்ஜில்லஸ், பெனிசிலியம் வகைப் பூஞ்சைகள் காகிதத்தின்மேல் நுண்காம்புகளை நிமிர்த்தி, உச்சியில் வித்துகளைச் சரம்சரமாகக் கோத்து வைக்கின்றன. ஒரு வித்து சுமார் 3 மைக்ரான். மேலே தண்ணீர் ஒட்டாத புரத உறை. ஈரமாக இருக்கும்வரை படலம் விரலில் பிசுபிசுக்கும், காகிதத்தையும் தின்றுகொண்டிருக்கும். அறையின் ஈரப்பதம் 65 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் வளர்ச்சி நிற்கும், ஏடு பிழைக்கும். கூடவே சரத்தின் பிடியும் தளர்ந்துவிடும். தாளைப் புரட்டும் காற்றே போதும், வித்துகள் கழன்று கிளம்ப. ஏட்டுக்கு நல்ல காலம் பிறக்கும்போதுதான் படிப்பவர் மூக்குக்குக் கெட்ட காலம்.

மிளகாயை ஊறவைத்து அம்மியில் அரைத்தால் கைதான் எரியும். வற்றலை உரலில் இடித்தால் தெருவே தும்மும். இடிப்பவர் மூக்கில் துணி கட்டிக்கொள்கிறாரே, அந்த வேலைக்குத்தான் இங்கே என்95 முகக்கவசம். அந்த வற்றல் விதை முளைக்குமா என்று தும்முகிறவர் யாரும் விசாரிப்பதில்லை. பூஞ்சை வித்தும் அப்படியே. செத்தபிறகும் ஒவ்வாமையைக் கிளப்பும். ‘நூறு சதவீதக் கிருமிநீக்கம்’ என்று புகைபோடும் இயந்திரம் விற்க வருபவர்கள் இதை மட்டும் சொல்லமாட்டார்கள். கொன்றாலும் பிணத்தை அகற்றியாக வேண்டும்: ஹெப்பா வடிகட்டி பொருத்திய வேக்குவம் கிளீனர், மென்தூரிகை, பக்கம் பக்கமாக.

பூஞ்சைக்கு முந்திக்கொண்ட வரலாறும் கொஞ்சம் உண்டு. 1966 நவம்பர் 4 அன்று ஆர்னோ ஆறு இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகருக்குள் புகுந்தது. தேசிய மத்திய நூலகத்தின் லட்சக்கணக்கான நூல்கள் சேற்றில் மூழ்கின. பூஞ்சை முந்துமுன் காயவைக்கப் புகையிலை உலர்த்தும் சூளைகளைக்கூடத் தேடிப் போனார்கள். போதும். எகிப்து மன்னன் துட்டன்காமனின் கல்லறைச் சாபத்துக்குப் பூஞ்சைதான் காரணம் என்று வாட்ஸ்அப்பில் வந்தால், அந்த அகழாய்வுக்குப் பணம் போட்ட கார்னர்வான் பிரபு இறந்தது கல்லறை திறந்து சில மாதம் கழித்து, கொசுக்கடி புரையோடி என்று பதில் போடுங்கள்.

தர முடியாது என்பதோடு கைகழுவுவது அறிவியல் அல்ல, சோம்பல். ஏட்டைத் தனியே ஒதுக்கி, உலர்த்தி, துடைத்து, படமெடுத்துப் படியைக் கொடுக்கலாம். மூலமே வேண்டுமென்றால் தனி அறை, கையுறை, முகக்கவசம். ஆஸ்துமாக்காரர்களும் நோயெதிர்ப்பு குன்றியவர்களும் படியோடு நிறுத்திக்கொள்வது நல்லது. மின்விசிறியை அணைத்தே ஆகவேண்டும்: அசையாத காற்றிலேயே ஒரு வித்து ஒரு மீட்டர் இறங்க ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். மே மாத மதியத்தில் இதற்கு நம் வாசகர் சம்மதிப்பாரா என்பதைக் காப்பகம்தான் கேட்டுச் சொல்ல வேண்டும்.