சேணமும் பொதிமாடும்

பல்லாண்டுகள் பழகிய ஒரு குதிரைச் சேணத்தைக் கையிலெடுத்துப் பார்ப்பவர், அதனை ஆண்டவனுடைய தொழிலை அதிலேயே படித்துவிடலாம். அமெரிக்காவின் மேற்குப் புலத்து மாட்டிடையர் பயன்படுத்திய சேணம் இதற்குத் தக்க சான்று. அதன் முன்புறத்தில் ஒரு கொம்பு நிமிர்ந்து நிற்கும். ஓடும் மாட்டைச் சுருக்குக் கயிற்றால் பிடித்தபின், கயிற்றின் மறு நுனியைச் சுற்றிக்கொள்வதற்கே அக்கொம்பு. பின்புறம் உயர்ந்திருப்பதும் இருக்கை ஆழ்ந்திருப்பதும் நாள் முழுவதும் குதிரைமேல் இருப்பவனைத் தாங்குவதற்கு. அடியிலுள்ள அகன்ற தோல், பாரத்தைக் குதிரையின் முதுகெங்கும் பரப்புகின்றது. இவ்வமைப்பு ஸ்பானியரிடமிருந்து மெக்சிக்கோ நாட்டு இடையர் வழியாக வந்ததாகும். குதிரை பெரும்பாலும் பண்ணைக்குரியது. சேணமோ இடையனுக்குச் சொந்தமானது. ஆகவே அதனை அவன் உயிர்போற் பேணினான்.

திரைப்படங்கள் இவ்விடையனை உலகறியச் செய்துவிட்டன. ஆனால், கண்டி மலைநாட்டிலும் விலங்கின் துணைகொண்டு நெடுவழி நடந்த ஒரு கூட்டத்தார் வாழ்ந்தனர் என்பதை இன்று நினைப்பவர் சிலரே. அவர்களே தவளக்காரர்.

தவளம் என்பது பொதிமாடுகளின் வரிசை. மாட்டின் முதுகில் மெத்தை போன்ற விரிப்பை இட்டு, இருபுறமும் நிறை ஒத்திருக்குமாறு பொதிகளைத் தொங்கவிடுவர். ஒரு பக்கம் பாரம் மிகுந்தால் பொதி சரியும்; மாட்டின் முதுகும் புண்ணாகும். ஆதலால் பொதி கட்டுதல் ஒரு தேர்ந்த தொழிலாயிற்று. தமிழ் அகராதிகளில் ‘தாவளம்’ என்ற சொல்லுக்குத் தங்குமிடம் என்னும் பொருளைக் காணலாம். மாலைதோறும் பொதியிறக்கி, தீ மூட்டி, மாடுகளை மேயவிட்டுத் தங்கிய இவ்வாழ்க்கைக்கு அச்சொல்லும் எவ்வளவு பொருந்துகின்றது! சங்கச் செய்யுள்களில் வரும் உமணரின் உப்பு வணிகமும் ஈண்டு நினைவுக்கு வரும்.

மலைநாட்டிற்குத் தவளம் இன்றியமையாததானது ஏன்? கண்டி இராச்சியத்தில் நெல் விளைந்தது, பாக்கு விளைந்தது, உப்பு விளையவில்லை. 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையின்பின் இலங்கையின் கரையோரம் முழுவதும் ஒல்லாந்தர் வசமாயிற்று. புத்தளம் முதலிய கரையோரங்களின் உப்பும் கருவாடும் துணியும் மாட்டின் முதுகிலேறி மலைக்கு வந்தன. பாக்கு முதலியன கீழே சென்றன. வண்டி செல்லும் வழி இல்லை. பகைவர் புகாதிருக்க வேண்டிப் பாதைகளை அகலமாக்க அரசர் இடங்கொடுக்கவில்லை என்று, 1660 முதல் 1679 வரை கண்டியிற் சிறையிருந்த றொபேட் நொக்ஸ் எழுதியுள்ளார். ஒற்றையடிப் பாதைக்குப் பொதிமாடே ஏற்றது. கண்டி அரசில் இப்போக்குவரத்துக்கென ‘மடிகே’ என்றொரு பகுதியே இருந்தது. அதிற் பெரும்பங்கு கொண்டவர் முஸ்லிம்கள்.

இவ்வணிகம் சிறிதென்று எண்ணற்க. 1802இல் புத்தளத்து முஸ்லிம் வணிகர் கண்டி நாட்டிற் கொண்ட பாக்கை அரச அதிகாரிகள் பறித்துக்கொண்டனர். ஆங்கிலத் தேசாதிபதி நோர்த் இழப்பீடு கேட்டார். அவ்வழக்குத் தீராமற்போகவே, 1803இல் மூண்ட போருக்கு அதுவே காரணமாகக் காட்டப்பட்டது.

1815இல் கண்டி ஆங்கிலேயர் வசமாயிற்று. தேசாதிபதி பாண்ஸ் காலத்தில், கடுகண்ணாவை மலையைக் குடைந்து கொழும்பு – கண்டி வீதி அமைக்கப்பட்டது. வீதி வந்ததும் மாட்டு வண்டி வந்தது. தோட்டங்களின் கோப்பி வண்டிகளிலேறி இறங்கிற்று. மாட்டின் முதுகு விடுதலை பெற்றது. கழுத்தோ நுகத்திற் பூண்டது.

1867ஆம் ஆண்டு இரு நாடுகளுக்கும் ஒரு திருப்பமாகும். அவ்வாண்டிலேதான் கண்டிக்குப் புகையிரதம் வந்தது. அவ்வாண்டிலேயே அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்து அபிலீன் என்னும் புகையிரத நிலையத்தை நோக்கி, டெக்சாஸ் மாநிலத்திலிருந்து பெரும் மந்தைகள் ஓட்டப்படலாயின. அங்கே புகையிரதம் இடையனுக்குத் தொழில் கொடுத்தது. இங்கே அது வண்டிக்காரனின் தொழிலைப் பறித்தது. பேராதனையிலிருந்து கெலிஓயா, கம்பளை வழியாகச் சென்ற பாதை 1874இல் நாவலப்பிட்டியை எட்டியது. அதே 1874இல் அமெரிக்காவில் கிளிடன் என்பவர் முட்கம்பிக்கு உரிமம் பெற்றார். திறந்த புல்வெளிகள் வேலிக்குள் அடைபட்டன. புகையிரதமும் டெக்சாசுக்குள்ளேயே புகுந்தது. இருபது ஆண்டுகளுக்குள் நெடுவழி மந்தையோட்டமும் ஓய்ந்தது. கொடுத்த கையே பறித்தும் கொண்டது.

இருவர் வாழ்வும் இவ்வாறு முடிந்தது. எனினும், ஒருவனுக்குச் சேணம் எஞ்சியது. கதையும் படமும் எஞ்சின. அவ்விடையருள் கறுப்பினத்தவரும் மெக்சிக்கரும் பலர் இருந்தனர் என்பதைப் பழைய படங்கள் மறைத்தன என்பது வேறு. தவளக்காரனுக்கோ அத்துணைப் புகழும் இல்லை. சாக்கும் கயிறும் மட்கிப் போகும் பொருள்கள். உப்பு வந்து சேர்ந்தது, உண்டவர் மறந்தனர்.

கெலிஓயாவிலிருந்து கம்பளை நோக்கிப் புகையிரதத்தில் செல்பவர், உணவில் உப்பின் சுவையறியும் ஒவ்வொரு வேளையும், அதனை மலையேற்றிய மனிதரையும் வாயில்லா விலங்கையும் ஒருகணம் நினைப்பாராயின், அதுவே அவர்களுக்கு நாம் வைக்கும் நினைவுச் சின்னமாகும். முதியோர் வாய்மொழியில் எஞ்சியுள்ள தவளக் கதைகளைக் கேட்டு எழுதி வைப்பது இளைஞர் கடன்.