உஷார்! வலிக்காத கட்டியை ‘சூடு’ என்று விட்டுவிடாதீர்கள்

பிறப்புறுப்பின் ஓரத்தில் சின்னதாக ஒரு முண்டு தட்டுப்படுகிறது. வலி இல்லை. “சூட்டுக் கட்டிதான்” என்று நாமே முடிவுகட்டி, ராத்திரி வெந்தயம் ஊறப்போடுகிறோம். சில வாரங்களில் அது தானாக மறைந்தும் விடுகிறது. வெந்தயம் கேட்டுவிட்டது என்று நிம்மதி. புதுச்சேரிப் பெண்களே, எனக்குப் பயமே அந்த நிம்மதியைப் பார்த்துத்தான்!

சிபிலிஸ் என்கிற மேகநோய் இப்படித்தான் ஏமாற்றும். தொற்றி சுமார் 3 வாரத்தில் வலியில்லாத, கெட்டியான ஒரு புண். எந்த வைத்தியமும் செய்யாவிட்டாலும் 3 முதல் 6 வாரங்களில் அது ஆறிவிடும். கிருமி மட்டும் உடம்பை விட்டுப் போகாது. பிறகு உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தடிப்பு வரும், அந்தரங்கத்தில் தட்டையான ஈர முண்டுகள் வரும். கர்ப்பிணியாக இருந்தால் வயிற்றுப் பிள்ளையையும் தாக்கும். குழந்தை இறந்து பிறப்பதும் உண்டு. இத்தனைக்கும் ஒரு ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்துவிடலாம், ஆரம்பத்திலேயே வந்தால் பென்சிலின் ஊசியில் தீர்த்துவிடலாம். “என் வீட்டுக்காரரைத் தவிர எனக்கு யாரையும் தெரியாதே” என்பது இந்தக் கிருமிக்குத் தடுப்பு இல்லை.

டொனோவனோசிஸ் என்று இன்னொன்று. சென்னைப் பொது மருத்துவமனையில் சார்லஸ் டொனோவன் 1905-இல் இதன் கிருமியைக் கண்டார். இப்போது அரிது. ஆனால் அதுவும் வலிக்காத முண்டாகத்தான் தொடங்கும். பிறகு தொட்டாலே ரத்தம் கசியும் செக்கச்செவேல் புண்ணாகப் பரவும்.

எல்லா முண்டும் இப்படி என்று மிரள வேண்டாம். நம் ஊர் வேர்வைக்கும் இறுக்கமான லெகிங்ஸுக்கும் ஷேவிங்குக்கும் மயிர்க்கால் சீழ் பிடிப்பது சாதாரணம். உள்ளிதழ்களில் இரு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் மென்மையான குருணைகள் பலருக்கு இயல்பான அமைப்பு. கொத்தாக நீர்க்கொப்புளம், எரிச்சல், திரும்பத் திரும்ப வருவது என்றால் ஹெர்பிஸாக இருக்கலாம். காலிஃப்ளவர் போல வளர்வது பெரும்பாலும் எச்.பி.வி. மரு, நடுவில் குழி விழுந்த முத்து போன்றவை மொலஸ்கம். இந்த இரண்டையும் ஷேவ் செய்தால் பிளேடே பரப்பிவிடும். யோனி வாசலில் ஒரு பக்கம் மட்டும் திடீரென வீங்கி, உட்காரவே முடியாமல் வலித்தால் பார்த்தோலின் சுரப்பியில் சீழ். ஊசியால் குத்தாதீர்கள்! 40 வயதுக்கு மேல் அங்கே புதிதாகக் கட்டி வந்தால், புற்றுநோய் இல்லை என்று திசுப் பரிசோதனையில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். மாதக்கணக்கில் ஆறாத புண்ணுக்கும் அரிப்புள்ள வெள்ளைத் திட்டுக்கும் இதேதான்.

இதையெல்லாம் கண்ணால் பார்த்துப் பிரிப்பது மருத்துவருக்கே சில நேரம் கடினம். மெடிக்கல் ஷாப் பையனால் முடியுமா? 1823-இலேயே மருத்துவப் பள்ளி தொடங்கிய ஊர் இது. அதன் வழி வந்த ஜிப்மர் கோரிமேட்டில் நிற்கிறது. நாமோ கூச்சத்தில் கடை வாசலில் நின்று “அரிப்புக்கு ஒரு ட்யூப்” என்கிறோம். அந்த ட்யூப்களில் பலவற்றில் வீரியமான ஸ்டீராய்டு இருக்கிறது. சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-இல் மத்திய அரசு கட்டுப்பாட்டை இறுக்கியும் கைமாறிக்கொண்டுதான் இருக்கிறது. தடவியதும் அரிப்பு அடங்கும், தோல் மெலியும், தொற்று உள்ளே பரவும். மருவுக்குச் சுண்ணாம்பும் அம்மான்பச்சரிசிப் பாலும் வைத்து அந்த மெல்லிய தோலை வேக வைப்பது இன்னும் கொடுமை.

ஜிப்மரில் தோல், பால்வினை நோய்ப் பிரிவு இருக்கிறது. எல்லைப்பிள்ளைச்சாவடியில் அரசு மகளிர் மருத்துவமனை இருக்கிறது. பெண் மருத்துவர் வேண்டும் என்று கேட்கலாம், தவறில்லை. முதலில் பேச மட்டும் வேண்டுமென்றால் 1097 உதவி எண்ணை அழைக்கலாம், கட்டணமில்லை. போகுமுன் ஷேவ் செய்யாதீர்கள், எதையும் தடவாதீர்கள். ஏற்கெனவே தடவிய ட்யூபைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். பால்வினைத் தொற்று என்று தெரிந்தால் கணவரையும் அழைத்துப் போய்ப் பரிசோதிக்கச் செய்யுங்கள்; சிபிலிஸ் போன்றவற்றில் அவருக்கு மருந்து கொடுக்காவிட்டால் உங்களுக்குத் திரும்ப ஒட்டும்.

சர்க்கரை நோயுள்ள அம்மாக்களுக்குத் தனியாகச் சொல்கிறேன்: கட்டியைச் சுற்றிச் சிவந்து வேகமாகப் பரவுகிறது, காய்ச்சலும் அடிக்கிறது என்றால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அந்த ராத்திரியே அவசர சிகிச்சைக்குப் போய்விடுங்கள்.