தெருப் பெயர்களை வாசிப்போம்: ஜொகூர் பாரு பழைய நகரில் ஒரு நாள் நடை



படிவம் 4 மாணவர்களிடம் "உங்க ஊரைப் பத்தி எழுதுங்க" என்றால், பேரங்காடியும் சிங்கப்பூர்ப் பாலமும் வரும். தமிழர் வரலாறு என்றால் தோட்டம், ரப்பர், கங்காணி என்பதோடு நின்றுவிடும். நகரத்திலும் நம்மவர் உழைத்தார்களே, அவர்கள் தடயம் எங்கே? இந்தக் கேள்வியோடு மாணவர்களை ஒரு நாள் பழைய நகருக்கு அழைத்துச் செல்லலாம். தெருக்கள் அருகருகே இருப்பதால் நடந்தே பார்த்துவிடலாம். வெயில் ஏறும் முன் காலை 8 மணிக்குத் தொடங்குங்கள்.

புறப்படும் முன்

வகுப்பில் பத்து நிமிடப் பின்னணி போதும். 1855இல் தெமெங்கோங் டாயேங் இப்ராஹிம் இங்கே தஞ்சோங் புத்ரி என்ற குடியிருப்பை அமைத்தார். 1866இல் அது ஜொகூர் பாரு ஆனது. 'பாரு' என்றால் புதிய. 1909இல் ரயில் பாதை இந்நகரை எட்டியது. 1924இல் கடற்பாலம் அதிகாரப்பூர்வமாகத் திறக்கப்பட்டது.

1. ஜாலான் உங்கு புவான்

பூக்கடை, துணிக்கடை, சாப்பாட்டுக் கடை என நம்மவர் வாடை வீசும் தெரு. இங்குள்ள அருள்மிகு ராஜமாரியம்மன் ஆலயம் 1911இல் எழுந்தது. இங்கேயே பசியாறிவிட்டு முதல் பயிற்சியைக் கொடுங்கள். பெயர்ப்பலகைகளில் 'கெடாய்' என்ற மலாய்ச் சொல்லைத் தேடச் சொல்லுங்கள். அது நம் 'கடை'தான். கட்டில் 'காத்தில்' ஆனதும், பெட்டி 'பெத்தி' ஆனதும், முதல் 'மோடால்' ஆனதும் இப்படித்தான். வணிகம் செய்யப் போன இடத்தில் சொல்லும் தங்கிவிட்டது. "நம்ம மொழி மட்டும்தான் கடன் வாங்குது" என்று நினைக்கும் பிள்ளைகளுக்கு இது புதுச் செய்தி.

2. ஜாலான் துருஸ்

பழைய சீனக் கோயிலும் சீக்கியர்களின் குருத்துவாராவும் இத்தெருவில் உள்ளன. சீனக் கோயிலில் தியோச்சு, ஹொக்கியன், ஹக்கா, கண்டோனீஸ், ஹைனானீஸ் ஆகிய ஐந்து குழுவினருக்கும் ஆளுக்கொரு தெய்வம். சீனர் என்று நாம் ஒரே சொல்லில் சொல்பவர்களுக்குள் இத்தனை மொழிகள். மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ளட்டும்.

3. ஜாலான் வோங் ஆ ஃபூக், ஜாலான் தான் ஹியோக் நீ

வோங் ஆ ஃபூக் தச்சராக வந்து பெரிய குத்தகையாளர் ஆனவர். இஸ்தானா பெசாரைக் கட்டியவர். தான் ஹியோக் நீ மிளகு, காம்பியர் தோட்டங்களால் செல்வாக்குப் பெற்ற தலைவர். காம்பியர் என்றால் பிள்ளைகள் விழிப்பார்கள். "பாட்டி வெத்தலையோட போடுற காசுக்கட்டி மாதிரி" என்றால் புரிந்துவிடும். தோல் பதனிடவும் அது பயன்பட்டது. ரப்பருக்கு முன் ஜொகூரை வளர்த்த பயிர்கள் இவைதாம். இத்தெருவில் 1919இல் தொடங்கிய ஹியாப் ஜூ ரொட்டிக்கடை விறகு அடுப்பில் சுடும் வாழைப்பழக் கேக்குக்குப் பேர்போனது. ஓய்வெடுக்க நல்ல இடம்.

4. ஜாலான் டோபி

நடையின் முக்கிய இடம் இதுதான். 'தோபி' என்பது துணி வெளுப்பவரைக் குறிக்கும் இந்திச் சொல். தமிழில் வண்ணார், சலவைத் தொழிலாளி. இந்தியச் சலவைத் தொழிலாளர்கள் இங்கே வேலை செய்ததால் தெருவுக்கு இப்பெயர். இதைத் தொழிலாக மட்டுமே பேசுங்கள். சாதிக் கேலிக்கு இடம் தராதீர்கள்.

இப்போது மாணவர்களை நிறுத்திக் கேளுங்கள்: "முந்தின ரெண்டு தெருவுக்கும் ஆள் பேரு இருக்கு. இந்தத் தெருவுக்கு ஏன் தொழில் பேரு மட்டும் இருக்கு?" பதிலை நாம் சொல்ல வேண்டாம். பணமும் பதவியும் உள்ளவர் பெயரோடு நிலைக்கிறார். ஊர்த் துணியை வெளுத்தவர் பெயரில்லாமல் போகிறார். அவர்களே பேசி இங்கே வந்து சேர்வார்கள்.

வகுப்புக்குத் திரும்பிய பின்

* மலாயில் கலந்த தமிழ்ச் சொற்கள் ஐந்தைத் தொகுத்து, ஒவ்வொன்றுக்கும் வாக்கியம் அமைத்தல்.
* வீட்டுப் பெரியவர் ஒருவரைப் பேட்டி காணுதல்: தாத்தாவின் பெயர், ஊர், செய்த வேலை, முதலில் குடியிருந்த இடம். பேச்சுத் தமிழில் பதிவு செய்து, எழுத்துத் தமிழில் மாற்றி எழுத வேண்டும்.
* 'நான் ஒரு தெருவுக்குப் பெயர் வைத்தால்' என்ற தலைப்பில் கட்டுரை.

இரண்டாவது பயிற்சியைத் தள்ளிப் போடாதீர்கள். கொள்ளுத்தாத்தா பெயர் தெரியாத பிள்ளைகள் நம் வகுப்பில் பலர். அந்தப் பெயரைச் சொல்லக்கூடிய பாட்டிகள் இன்னும் எத்தனை நாள் இருப்பார்கள்?

மூவார், குளுவாங், பத்து பகாட், சிகாமட் ஆசிரியர்களும் தங்கள் ஊர்ப் பழைய தெருக்களை வைத்து இதே நடையை அமைக்கலாம். முதலில் நீங்கள் ஒரு முறை தனியே நடந்து பாருங்கள். நிழலும் கழிவறையும் எங்கே என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பிள்ளைகளை அழைத்துப் போங்கள்.