ஜப்பான் ‘மாஜாங்’ செட் வேணுமா? பீஸ் எண்ணி வாங்குங்க!

சிங்கப்பூர் செட் வேற, ஜப்பான் செட் வேற... தந்தம் என்றால் ஜெயில்... ‘கஸ்டம்ஸ்’ பெயரில் போனில் மோசடி!

திருப்பூர்,

லட்சம் பீஸ் பனியனில் ஒரு தையல் விட்டுப் போனாலும் கண்டுபிடித்து, ஓரமாக தூக்கி வைக்கிற ஊர் திருப்பூர். அந்த ஊர்க்காரர், வெளிநாட்டில் இருந்து தனக்கு ஒரு சாமான் வாங்கும்போது மட்டும் படத்தை பார்த்து மயங்கி பணத்தை கட்டிவிட்டால் எப்படி?

ஜப்பான் நாட்டு ‘மாஜாங்’ செட் அப்படி கோட்டை விடக்கூடிய சாமான்தான். பெட்டி ஒன்றுபோல இருக்கும். உள்ளே இருக்கும் காய்கள் நாட்டுக்கு நாடு வேறு. வந்து சேர்ந்த பிறகு திருப்பி அனுப்ப நினைத்தால், கூலி கட்டியே அலுத்துவிடும்.

2011-ம் ஆண்டு ஆகஸ்டு 1-ந் தேதி இந்தியா-ஜப்பான் வர்த்தக ஒப்பந்தம் அமலுக்கு வந்தது. இந்திய ஆயத்த ஆடைகள் வரி இல்லாமல் ஜப்பானுக்குள் போக வழி பிறந்தது. ‘ஜூக்கி’ மெஷினில் மட்டும் ஜப்பானை பார்த்த ஊருக்கு, ஜப்பான் பையர்களும் அறிமுகம் ஆனார்கள். பையரோடு நாலு வார்த்தை பேச விரும்பும் மெர்ச்சன்டைசருக்கு, ஜப்பான் கார்ட்டூன் பார்த்து வளரும் பிள்ளைகளுக்கு இந்த ஆட்டத்தின் மேல் ஒரு கண் விழுவது ஆச்சரியம் இல்லை.

ரம்மிக்கு தம்பி

மாஜாங் என்பது சீனாவில் பிறந்த ஆட்டம். 1909-ம் ஆண்டு, சீனாவில் வாத்தியார் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய நகாவா ஹிகோசாக்கு என்பவர் ஒரு செட்டை ஜப்பானுக்கு கொண்டு போனார் என்று அங்கே சொல்கிறார்கள். ஆக, ஜப்பானுக்கே அது வெளிநாட்டு சரக்குதான்!

இன்று ஜப்பானில் அது சக்கைப்போடு போடுகிறது. மணிக்கணக்கில் மேஜை வாடகை வாங்கும் கடைகள் இருக்கின்றன. 2018-ம் ஆண்டு ‘எம் லீக்’ என்ற பெயரில் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு அணி வாரியாக போட்டியே ஆரம்பித்து விட்டார்கள். இந்தியாவில் ராணுவ அதிகாரிகளின் வீட்டுப் பெண்கள் நீண்ட காலமாக மாஜாங் ஆடி வருகிறார்கள்.

“புரியாத ஆட்டமாச்சே” என்று பயப்பட வேண்டாம். 13 சீட்டு ரம்மி தெரிந்தவருக்கு பாதி ஆட்டம் தெரிந்த மாதிரி.

இதிலும் கையில் 13 காய்தான். ஒன்று எடுக்க வேண்டும், ஒன்று இறக்க வேண்டும். மூன்று மூன்றாக 4 கூட்டு, அதோடு ஒரு ஜோடி. 14 காய் சேர்ந்தால் ஆட்டம் முடிந்தது. கூட்டு என்பது ஒரே காய் மூன்றாகவும் இருக்கலாம், வரிசையாக மூன்று நம்பராகவும் இருக்கலாம். நம்ம ஊர் செட், சீக்வென்ஸ் மாதிரியேதான்! ஆடுவது 4 பேர்.

எத்தனை காய்?

இங்கேதான் உஷாராக இருக்க வேண்டும்.

வட்டம், மூங்கில், சீன எழுத்து என்று மூன்று இனம். ஒவ்வொன்றிலும் 1 முதல் 9 வரை. மொத்தம் 27 வகை. கிழக்கு, தெற்கு, மேற்கு, வடக்கு என்று திசைக் காய் 4 வகை. வெள்ளை, பச்சை, சிவப்பு என்று இன்னும் 3 வகை. ஆக 34 வகை. ஒவ்வொரு வகையிலும் 4 காய். 34-ஐ 4-ஆல் பெருக்கினால் 136.

இந்த 136 காய்தான் ஜப்பான் ஆட்டத்துக்கு தேவை. மற்ற ஊர் செட்டுகளில் இதற்கு மேல் கூடுதல் காய் சேர்ந்திருக்கும்.

சீன செட்டில் பூ, பருவம் என்று 8 காய் சேர்ந்து 144.

சிங்கப்பூர் செட்டில் பூனை, எலி, சேவல், பூரான் என்று மேலும் 4 பிராணிகள் சேர்ந்து 148.

அமெரிக்க செட்டில் பூக்களோடு 8 ஜோக்கரும் சேர்ந்து 152.

“சிங்கப்பூர்ல இருக்கிற மாமாகிட்ட சொன்னா வாங்கிட்டு வந்துருவாரு” என்று நினைப்பவர்கள் இதை கவனிக்க வேண்டும். மாமா ஆசையாகத்தான் வாங்கி வருவார். பெட்டியை திறந்தால் பூனையும் எலியும் இருக்கும். ஜப்பான் ஆட்டத்தில் அவற்றுக்கு வேலை இல்லை!

ஜப்பான் பெட்டியிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பெரும்பாலான பெட்டிகளில் 136 காயோடு சிவப்பு ‘ஐந்து’ 4-ம், பூக் காய் 4-ம் போட்டு, அங்கேயும் 144 ஆக்கி இருப்பார்கள். சாதா ஐந்தை எடுத்துவிட்டு சிவப்பு ஐந்தை வைத்து ஆடினால் பாயிண்ட் கூடும். அதனால் மொத்தம் 144 என்று போட்டிருப்பதை மட்டும் நம்பக் கூடாது. ‘சிவப்பு ஐந்து இருக்கிறதா?’ என்று கேட்க வேண்டும்.

ஆர்டர் ஷீட் போடுங்க

பையர் உங்களிடம் என்ன கேட்பாரோ, அதையே நீங்கள் கடைக்காரரிடம் கேட்க வேண்டும். அளவு, எண்ணிக்கை, துணை சாமான், குறை ஆகிய நான்கும் எழுத்தில் வர வேண்டும்.

அளவு: ஜப்பான் காய் சின்னது. உயரம் சுமார் 26 முதல் 28 மில்லிமீட்டர். சீன காய்களில் 40 மில்லிமீட்டர் வரை வருவது உண்டு.

எழுத்து: ஜப்பான் காய்களில் பொதுவாக 1, 2, 3 என்ற நம்பர் ஓரத்தில் இருக்காது. சீன எழுத்தில் 9 நம்பரையும் படித்துக்கொள்ள வேண்டும். முதல் மூன்றும் வெறும் கோடுகள்தான். மூங்கில் 1-ல் மூங்கில் இருக்காது, பறவை படம் இருக்கும். வெள்ளைக் காய் ஒன்றுமே எழுதாமல் மொட்டையாக இருக்கும். ‘பிரிண்டிங் விட்டுப் போச்சு’ என்று ரிஜெக்ட் செய்துவிட வேண்டாம்!

துணை சாமான்: பகடை வேண்டும். பாயிண்ட் கணக்குக்கு மெல்லிய குச்சிகள் வேண்டும். பொதுவான விதிப்படி ஒருவருக்கு 25 ஆயிரம் பாயிண்டில் ஆட்டம் தொடங்கும். 10 ஆயிரம், 5 ஆயிரம், ஆயிரம், 100 என்று நான்கு வகை குச்சி. குச்சி இல்லாத செட் வந்தால் காகிதத்தில் கணக்கு எழுதி சண்டைதான் மிஞ்சும்.

குறை: பழைய செட் என்றால் எல்லா காயையும் கவிழ்த்து, முதுகை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்ல வேண்டும். ஒரு காயின் முதுகில் கீறல் இருந்தால் போதும். எதிரில் இருப்பவர் அடையாளம் வைத்துக்கொள்வார். அது குறி போட்ட சீட்டுக்கட்டு மாதிரி ஆகிவிடும்.

ஜப்பானில் காயை தானாக கலைத்து அடுக்கித் தரும் மின்சார மேஜைகள் உண்டு. அதற்கான காய்களுக்குள் காந்தம் இருக்கும். மேஜையையே வாங்க ஆசைப்படுபவர்கள் கரண்டை பார்க்க வேண்டும். ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட். நமக்கு 230. டிரான்ஸ்பார்மர் இல்லாமல் சொருகினால் புகைதான்!

தந்தம் வேண்டாம்

பழைய செட்டுகளை ‘அசல் தந்தம்’ என்று பெருமையாக விற்பார்கள். பெரும்பாலும் அவை எலும்பும் மூங்கிலும் சேர்ந்தவை. எலும்பாக இருந்தால் பணம்தான் நஷ்டம். உண்மையிலேயே தந்தமாக இருந்துவிட்டால் வினை.

1989-ம் ஆண்டு ஆப்பிரிக்க யானைத் தந்தத்தின் சர்வதேச வியாபாரத்துக்கு உலக நாடுகள் தடை விதித்தன. இந்தியாவில் 1972-ம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்பு சட்டத்தில் 1991-ம் ஆண்டு திருத்தம் செய்து, இறக்குமதி தந்த வியாபாரத்தையும் தடுத்தார்கள். இந்த வகை குற்றத்துக்கு 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை சிறை. காட்டு யானை நடமாடும் மாவட்டத்தில் இருப்பவருக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியது இல்லை.

வரி எதன் மேல்?

136 காயும் பெட்டியும் சேர்ந்தால் எடை சுமார் 3 கிலோ. காயின் விலையை பார்த்து சந்தோஷப்பட்டவர், பார்சல் கூலியை பார்த்ததும் வாயை பிளப்பார்.

சுங்க வரி காயின் விலைக்கு மட்டும் அல்ல. பார்சல் கூலி, இன்சூரன்சு எல்லாம் சேர்த்துத்தான் கணக்கு. ஒரு பேச்சுக்கு காய் 6 ஆயிரம் ரூபாய், கூலியும் இன்சூரன்சும் 4 ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொண்டால், வரி 10 ஆயிரத்தின் மேல் விழும். ஜி.எஸ்.டி.யும் உண்டு. வரி விகிதம் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறும். பணம் கட்டும் முன் அன்றைய விகிதத்தை கேட்டுக்கொள்ள வேண்டும்.

“கிப்ட்னு எழுதிடுங்க” என்று விற்பவரிடம் சொல்லும் பழைய தந்திரம் இப்போது எடுபடாது. 2019-ம் ஆண்டு டிசம்பரில் அந்த கதவை அடைத்து விட்டார்கள். உயிர் காக்கும் மருந்து, ராக்கி கயிறு தவிர, தபாலிலோ கூரியரிலோ வரும் பரிசுப் பொருளுக்கும் முழு வரி கட்ட வேண்டும். விலையை குறைத்து எழுதச் சொல்வதும் தப்பு. 1962-ம் ஆண்டு சுங்க சட்டப்படி பொருளை பறிமுதல் செய்து, அபராதமும் போடலாம்.

வெளிநாடு போய் வருபவர் பெட்டியில் கொண்டு வந்தால், வரி இல்லாத வரம்பு ஒன்று உண்டு. 2016-ம் ஆண்டு விதிகளில் அது 50 ஆயிரம் ரூபாயாக இருந்தது. விமானம் ஏறும் முன் அன்றைய வரம்பை பார்த்துக்கொண்டால் நிம்மதி. கடை பில்லை தூக்கி எறியாமல் வைத்திருக்க வேண்டும்.

போன் வந்தால்...

எல்லாவற்றையும் சரியாக செய்தவரும் கடைசியில் ஏமாறும் இடம் இது.

பார்சல் வரும் நாளில் போன் அடிக்கும். “கஸ்டம்ஸ்ல இருந்து பேசறோம். உங்க பார்சல்ல போதைப்பொருள் இருக்கு. உடனே பணம் கட்டலேன்னா அரெஸ்ட்” என்று மிரட்டல் வரும். வீடியோவில் காக்கிச் சட்டை ஆசாமி தோன்றி, ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்பான். நிஜமாகவே பார்சலை எதிர்பார்த்து இருப்பவர், நடுங்கிப்போய் பணத்தை அனுப்பி விடுவார்.

டிஜிட்டல் அரெஸ்ட் என்று சட்டத்தில் ஒன்றுமே கிடையாது. தனிப்பட்ட வங்கிக் கணக்கில் வரி கட்டச் சொல்லி சுங்க இலாகா போன் செய்வதும் இல்லை. 2019-ம் ஆண்டு நவம்பர் முதல் அந்த இலாகாவின் கடிதங்களில் ‘டின்’ என்ற அடையாள எண் போடுகிறார்கள். அது உண்மையா என்று இலாகாவின் இணையதளத்தில் சரி பார்க்கலாம்.

தபாலில் வந்தால் வரியை தபால் ஆபீசில் ரசீதோடு கட்டலாம். கூரியரில் வந்தால் அந்த கம்பெனியின் பில்லோடு கட்டலாம். பணம் பறிபோய்விட்டால் வெட்கப்பட்டு உட்காராமல் உடனே 1930 என்ற எண்ணுக்கு போன் செய்ய வேண்டும். சீக்கிரம் சொன்னால் பணத்தை வழியிலேயே முடக்க வாய்ப்பு உண்டு.

காசு வைத்தால்...

செட் வந்துவிட்டது. நாலு பேர் சேர்ந்துவிட்டார்கள். “சும்மா ஆடினா சுவாரசியம் இல்லீங்க” என்று ஒருவர் ஆரம்பிப்பார். அங்கேதான் நிறுத்த வேண்டும்.

ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டம்தான் என்று 1967-ம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டு சொன்னது உண்மை. பந்தயம் வைத்து ஆடும் ரம்மியில் இடத்துக்காரர் லாபம் பார்த்தால் குற்றமாகலாம் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. தமிழ்நாட்டில் 1930-ம் ஆண்டின் சூதாட்ட சட்டமும் இருக்கிறது.

ஜப்பானிலும் சூதாட்டம் குற்றம். 2020-ம் ஆண்டு மே மாதம், கொரோனா அவசர நிலை நேரத்தில், டோக்கியோ உயர் அரசு வக்கீல் அலுவலகத்தின் தலைவர் குரோகாவா ஹிரோமு, பத்திரிகைக்காரர்களோடு காசு வைத்து மாஜாங் ஆடியது அம்பலமானது. பதவியை ராஜினாமா செய்தார். அடுத்த ஆண்டு கோர்ட்டில் அபராதமும் விழுந்தது. சட்டத்தை காக்க வேண்டியவரையே காய் கவிழ்த்து விட்டது!

அவசரப்பட்டு ஆர்டர் போடும் முன் செல்போனில் ‘மாஜாங் சோல்’ மாதிரி இலவச ஆட்டத்தில் ஒரு மாதம் பழகிப் பார்க்கலாம். அதுதான் சாம்பிள் பீஸ். ஆட்டம் பிடிக்கவில்லை என்றால் 10 பைசா நஷ்டம் இல்லை. பிடித்துப் போனால் தாராளமாக வாங்கலாம்.

பார்சல் கைக்கு வந்ததும், பிரிப்பதை செல்போனில் படம் எடுத்துக்கொண்டு, ஒரு இனத்துக்கு 36 வீதம் எண்ணி அடுக்க வேண்டும். ஒரே ஒரு காய் குறைந்தாலும் அந்த செட்டில் ஆட முடியாது. அதே நிறம், அதே அளவில் ஒற்றைக் காய் தேடி அலைவது, பழைய லாட்டுக்கு சாயம் மேட்ச் பண்ணுவதை விட கஷ்டம்!