பிள்ளையின் மனமும் ஊராரின் வாயும்



தீராத வயிற்றுவலி என்று பதினைந்து வயதுப் பையன் ஒருவனை நம் வார்டில் சேர்த்திருந்தார்கள். ஸ்கேனிலும் ரத்தப் பரிசோதனையிலும் குறை ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் நாள் நான் கட்டிலருகே உட்கார்ந்தபோது, "ஐயா, என்னை வீட்டுக்கு அனுப்ப வேண்டாம்னு டாக்டர்கிட்ட சொல்லுங்க" என்றான். பத்தாம் வகுப்பில் இரண்டு பாடங்களில் தவறியிருந்தான். கடைக்குப் போனாலும் ஆலயத்துக்குப் போனாலும் எல்லாரும் மார்க்கையே கேட்டார்களாம். அவனுக்கு வந்திருந்தது மனச்சோர்வு என்றார் டாக்டர்.

பெரியவர்களுக்கு மனச்சோர்வு வந்தால் பல வேளைகளில் துக்கம் முகத்தில் தெரியும். பிள்ளைகளிடமோ அது எரிச்சலாகவும், தலைவலி வயிற்றுவலியாகவும், தூக்கக் கேடாகவும், விளையாட்டில் வெறுப்பாகவும் வரும். இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும். மனநோய்களில் பாதி 18 வயதுக்குள் தொடங்குகின்றன என்கிறது உலக சுகாதார நிறுவனம். பெங்களூர் நிமான்ஸ் 2015-16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, 13 முதல் 17 வயதுள்ளவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கு ஏதாவது ஒரு மனநலக் கோளாறு இருந்தது.

இந்த நோய்க்குப் பரம்பரையும் உண்டு, இழப்பும் உண்டு. எல்லாவற்றுக்கும் ஊரைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் பிள்ளையின் சுமையைக் கூட்டவும் குறைக்கவும் ஊரால் முடியும். ஒப்பிட்டுப் பேசினால் பிள்ளை வெட்கப்படுகிறது. வெட்கத்தால் ஒதுங்குகிறது. ஒதுங்கினால் அதைத் தாங்கிப் பிடிக்கக்கூடிய நண்பர்களும் விலகிப்போகிறார்கள். பெண்பிள்ளையானால், "வெளியே தெரிந்தால் நாளை யார் கட்டிக்கொள்வார்கள்?" என்று வீட்டார் நோயையே மறைத்துவிடுகிறார்கள். வைத்தியம் தாமதமாகிறது.

இந்தச் சுமையை நம் மாநிலமே ஓரளவு உணர்ந்தது. மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் வழக்கம் 2017இல் கைவிடப்பட்டது. தவறியவர்கள் அதே ஆண்டிலேயே துணைத்தேர்வு எழுத வழியும் உண்டு.

சூழலை மாற்றினால் நோய் குறையுமா? பீகாரின் நாளந்தா மாவட்டத்தில் 74 அரசுப் பள்ளிகளில் இதைச் சோதித்தார்கள். சில பள்ளிகளில், மனநல மருத்துவர் அல்லாத, பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவரை நியமித்தார்கள். மாணவர்கள் குறைகளை எழுதிப்போடப் பெட்டியும், சுவர்ப் பத்திரிகையும் வைத்தார்கள். கேலியையும் அடிதடியையும் தடுக்க விதி செய்தார்கள். அங்கே மனச்சோர்வும் கொடுமைப்படுத்தலும் குறைந்ததாக 2018இல் வெளியான முடிவு சொல்கிறது. அதே பணியை ஆசிரியர்களிடம் ஒப்படைத்த பள்ளிகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. மார்க் போடாத ஒருவர் காதுகொடுப்பது பிள்ளைகளுக்கு எத்தனை தேவை என்று நான் எண்ணிக்கொண்டேன்.

நம் சபைகளுக்கு வருகிறேன். தேர்வு முடிவு வந்ததும் அதிக மார்க் எடுத்தவர்களை மேடைக்கு அழைத்துப் பரிசு கொடுக்கிறோம். நானும் பல ஆண்டுகள் கொடுத்திருக்கிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வராத பிள்ளையின் வீட்டுக்கு எத்தனை முறை போனேன் என்று கேட்டால், தலைகுனிய வேண்டியிருக்கிறது. சூரைச்செடியின் கீழே சாகக் கேட்ட எலியாவைத் தூதன் கடிந்துகொள்ளவில்லை. அப்பமும் தண்ணீரும் கொடுத்து, மறுபடி தூங்கவிட்டான்.

வரும் மே மாதத்தில் ஒவ்வொரு சபையிலும் இரண்டு பெரியவர்கள் அப்படிப்பட்ட வீடுகளுக்குப் போகட்டும். மார்க்கைப் பற்றிப் பேச வேண்டாம். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்டால் போதும். "சாகவேண்டும் என்று தோன்றுகிறதா?" என்று நேராகக் கேட்கப் பயப்பட வேண்டாம், கேட்பதால் அந்த எண்ணம் பிறப்பதில்லை. ஆம் என்றால் பிள்ளையைத் தனியே விடாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். அரசின் 14416 என்ற இலவச எண்ணிலும் இரவு பகலாகப் பேசலாம்.

அந்தப் பையன் மருந்தோடும் ஆலோசனையோடும் வீடு திரும்பினான். அவன் சபை வாலிபர்கள் இருவர் தினமும் மாலையில் அவன் வீட்டுக்குப் போனார்கள். முதல் வாரம் அவன் பேசவே இல்லை. அவர்கள் திண்ணையில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தார்கள். இரண்டாம் வாரம் அவனே பந்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தானாம்.

கிறிஸ்துவின் பணியில்,
மருத்துவமனைப் போதகர்